கழலாத ஸ்டீயரிங்: லாரிக்காரர்களின் கேள்விகளுக்கு வடாலா மெக்கானிக்கின் பதில்கள்

மழை விட்டதும் எனக்கு வரும் கேள்விகள் எல்லாம் முன் அச்சிலும் ஸ்டீயரிங்கிலும் வந்து நிற்கும். நாலு மாதம் தண்ணீரிலும் சேற்றிலும் ஓடிய வண்டியைப் பிரித்துப் பார்க்கிற காலம் இது. மும்பையில் கடல் காற்று வேறு. வடாலா பக்கம் உப்பளமே இருக்கிறது. இங்கே ஒரு நட்டு துருப்பிடிக்க மழைகூடத் தேவையில்லை. அதனால் இந்த முறை, கழற்ற வராமல் ஜாம் ஆகிப்போன ஸ்டீயரிங் பாகங்களைப் பற்றிய கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

அண்ணாச்சி, என்னிடம் பழைய டாடா 1210 ஒன்று ஓடுகிறது. ஸ்டீயரிங் பாக்ஸில் ஆயில் ஒழுகுவதால் சீல் மாற்ற வேண்டும். அதற்கு, பாக்ஸின் அசைவைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகிற டிராப் ஆர்ம் கழல வேண்டும். நட்டு வந்துவிட்டது, ஆர்ம் அசையவே மாட்டேன் என்கிறது. பக்கத்து கேரேஜில் கேஸ் வைத்துச் சிவக்கக் காய்ச்சினால் உடனே வந்துவிடும் என்கிறார்கள். செய்யலாமா?
– லாரி உரிமையாளர், ஆன்டாப் ஹில்

செய்ய வேண்டாம். கேஸ் வைத்தால் ஆர்ம் வரும், அது உண்மைதான். ஆனால் அப்படி வந்த ஆர்மைத் திரும்ப மாட்டக் கூடாது.

டிராப் ஆர்ம் சும்மா வெட்டி எடுத்த இரும்பு இல்லை. காய்ச்சி அடித்து, குளிர வைத்து, மறுபடி அளவாகச் சூடேற்றிப் பக்குவப்படுத்திய உருக்கு. இரும்பு நன்றாகச் சிவக்கிறது என்றால் 700 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். அந்தச் சூட்டில் பக்குவம் போய்விடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பாக்ஸிலிருந்து வெளியே வந்து ஆர்ம் ஏறியிருக்கிற தண்டான ராக்கர் ஷாஃப்டும் மேல்பரப்பு கடினப்படுத்தப்பட்டது. அதற்கும் சூடு ஏறும். லோடோடு கசாரா மலைப்பாதையில் இறங்கும்போது அந்த ஆர்ம் வளைந்தால், டிரைவர் என்ன திருப்பினாலும் முன் சக்கரம் கேட்காது.

முதலில் அது ஏன் வர மறுக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஷாஃப்டின் முனை கூம்பாக இருக்கும், அதில் பல் வெட்டியிருக்கும். நட்டை இறுக்க இறுக்க ஆர்ம் அந்தக் கூம்பில் ஏறிக் கவ்விக்கொள்ளும். பிறகு வருடக்கணக்கில் ஈரம் இறங்கித் துரு பிடிக்கிறது. துருவாக மாறிய இரும்பு, முன்பு இருந்ததைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே அதற்கு இடம் ஏது? அதனால்தான் இவ்வளவு இறுக்கம். இதை இழுத்தால் மட்டும் போதாது, தட்டினால் மட்டும் போதாது. இழுத்துப் பிடித்த நிலையில் அதிர்வு கொடுக்க வேண்டும்.

சக்கரத்தை நேராக வைத்துவிட்டு, ஆர்மிலும் ஷாஃப்ட் முனையிலும் சேர்த்து ஒரு கோடு போடுங்கள். அடையாளம் இருந்தாலும் புதிதாக ஒன்று போடுங்கள். கம்பி பிரஷ்ஷால் மரையையும் பல் தெரிகிற இடத்தையும் சுத்தம் செய்து, துரு இளக்கும் எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊற விடுங்கள். நடுநடுவே ஆர்மின் பக்கத்தில் சுத்தியலால் தட்டிக்கொண்டே இருந்தால் எண்ணெய் உள்ளே இறங்கும். மறுநாள் நட்டை நாலைந்து மரை மட்டும் பிடிக்கிற மாதிரி திரும்ப ஏற்றுங்கள். ஆர்ம் தெறித்துக் கழலும்போது இந்த நட்டுதான் அதைப் பிடிக்கும். அதன் பிறகே புல்லர், அதாவது பாகத்தைக் கால்களால் பிடித்து நடு ஸ்க்ரூவை இறுக்கி இழுக்கிற கருவி. பேரிங் எடுக்கிற ஒல்லிக்கால் புல்லர் இதற்கு ஆகாது, கால் விரிந்துவிடும் அல்லது உடையும். டிராப் ஆர்முக்கென்றே கனமான புல்லர் உண்டு. இங்கே நாக்தேவி தெருவில் கிடைக்கும், தெரிந்த கேரேஜில் ஒரு நாளைக்குக் கேட்டாலும் கொடுப்பார்கள்.

புல்லரை நன்றாக இறுக்கிவிட்டு நிறுத்துங்கள். இறுக்கத்தில் இருக்கும்போதே ஆர்மின் தலைப்பகுதியில், அதாவது ஷாஃப்டைச் சுற்றியிருக்கிற தடிப்பில், பக்கவாட்டில் கனமான சுத்தியலால் நச்சென்று அடியுங்கள். எதிர்ப்பக்கம் இன்னொரு சம்மட்டியை முட்டுக் கொடுத்துப் பிடித்தால் அடி வீணாகாது. வரவில்லையா? கால் சுற்று இறுக்கி மறுபடி அடியுங்கள். சில ஆர்ம் அப்போதே வரும். சிலது புல்லரோடு சாப்பாட்டு நேரம் முழுக்க நின்றுவிட்டு யாரும் தொடாதபோது டப்பென்று விடும். அதனால் புல்லர் மேல் ஒரு கோணிச்சாக்கைப் போட்டுக் கட்டிவிட்டு, அதற்கு நேர் எதிரே யாரும் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த நிலையிலும் ராக்கர் ஷாஃப்டின் முனையில் அடிக்காதீர்கள். அந்த அடி முழுதும் பாக்ஸுக்குள் இருக்கிற பேரிங்கிலும் பல்லிலும் போய் விழும். சீல் மாற்றப் போன வேலை பாக்ஸ் மாற்றும் வேலையாகிவிடும்.

எல்லாம் செய்தும் வரவில்லையென்றால் ஆர்மை விட்டுக்கொடுத்து ஷாஃப்டைக் காப்பாற்றுங்கள். கிரைண்டரால் ஆர்மின் தலையில் நீளவாக்கில் ஒரு வெட்டுப் போட்டு, பல்லைத் தொடுவதற்கு முன்பே நிறுத்தி, அந்த வெட்டில் உளியை வைத்து அடித்தால் தலை விரிந்து பிடி தளரும். சீல் பக்கம் ஈரத்துணி சுற்றிவிட்டு இதைச் செய்ய வேண்டும். ஆர்ம் போனது போனதுதான், புதிது வாங்குங்கள். ஷாஃப்டில் விரிசல் உண்டா என்று பார்க்கச் சிவப்புச் சாய ஸ்பிரே கிடைக்கிறது: சுத்தம் செய்து, சாயம் அடித்து, பத்துப் பதினைந்து நிமிடம் விட்டுத் துடைத்து, மேலே வெள்ளை ஸ்பிரே அடித்தால் விரிசல் சிவப்புக் கோடாகத் தெரியும். பல்லின் அடிப்பகுதியை நன்றாகப் பாருங்கள்.

முன் சக்கரங்கள் இரண்டையும் இணைக்கிற டை ராட் கம்பியின் எண்டை, அதாவது முனையிலுள்ள பால் ஜாயின்ட்டை, கழற்ற நட்டை எடுத்துவிட்டு, மரை மேலேயே சம்மட்டியால் அடித்தேன். மரை மழுங்கிவிட்டது, எண்டும் வரவில்லை. இப்போது நட்டும் ஏற மாட்டேன் என்கிறது. என்ன செய்ய?
– இளம் டிரைவர், தாராவி

தம்பி, அந்த எண்டு இனி உங்களுக்கு இல்லை என்று முடிவு பண்ணிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பாதிப் பேர் இப்படித்தான் செய்கிறார்கள். மரையில் அடித்தால் முனை காளான் மாதிரி விரிந்து, அப்புறம் துளை வழியாகவே வராது. முதலில் விரிந்த முனையை அரத்தால் ராவித் துளை அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

இதுவும் கூம்புப் பிடிதான். ஸ்டீயரிங் ஆர்மில் பால் ஜாயின்ட்டின் பின் நுழைகிற கண் இருக்கிறதே, அந்தக் கண்ணின் ஒரு பக்கத்தில் கனமான சம்மட்டியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, எதிர்ப்பக்கத்தில் சுத்தியலால் ஓங்கி அடியுங்கள். அடி விழும்போது கண் ஒரு நொடி நசுங்கி மீளும், ஜாயின்ட்டின் பின் தானாக விடுபடும். ஜாயின்ட்டைக் கீழே இழுத்துப் பிடிக்க ஓர் ஆளோ ஒரு கடப்பாரையோ இருந்தால் இன்னும் சுலபம். பின்னில் அடிக்காதீர்கள், ரப்பர் மூடியில் அடிக்காதீர்கள், கண்ணில் மட்டும் அடியுங்கள். இரண்டு பல் கவை மாதிரி ஒரு கருவியை நடுவில் செருகி அடிப்பார்கள். அது ரப்பரைக் கிழித்துவிடும். எண்டைத் தூக்கிப் போடப் போகிறீர்கள் என்றால் மட்டும் அதைப் பயன்படுத்தலாம்.

மூடிய பால் ஜாயின்ட்டில் நெருப்பு வைக்கவே கூடாது. உள்ளே இருக்கிற கிரீஸ் சூடாகி, வெளியேற வழியில்லாமல் ஜாயின்ட்டே வெடித்துச் சிதறும்.

எண்டை டை ராடிலிருந்து திருகி எடுப்பதற்கு முன் எத்தனை மரை வெளியே தெரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். டை ராடில் ஒரு முனை வலது மரை, மறு முனை இடது மரை. வரவில்லை என்று பலம் கொடுக்கும் முன் எந்தப் பக்கம் என்று பாருங்கள். இடது மரையை வலது மரை என்று நினைத்துக் குழாய் ரெஞ்சில் ஆளே தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். கிளாம்ப் போல்ட்டைக் கழற்றி, கிளாம்பையும் முழுதாகத் தளர்த்திவிட்டுத் திருகுங்கள்.

புது எண்டு மாட்டும்போது கூம்பில் கிரீஸ் பூச வேண்டாம். பின்னும் துளையும் சுத்தமாக, காய்ந்து இருக்க வேண்டும். நட்டை இறுக்கிய பிறகு, அது கழலாமல் பூட்டுகிற ஸ்பிளிட் பின்னின் துளை நேராக வரவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் நேராக்க வேண்டும், தளர்த்தக் கூடாது. ஸ்பிளிட் பின் எப்போதும் புதிது. பழைய பின்னை நிமிர்த்திப் போடுகிறவர்களை வண்டிப் பக்கமே விடாதீர்கள். மரையை எண்ணி வைத்திருந்தாலும் அலைன்மென்ட் பார்த்துவிட்டு லோடு ஏற்றுங்கள்.

என் கணவர் இறந்த பிறகு அவருடைய டாடா 407 சரக்கு வண்டியை டிரைவர் வைத்து நான்தான் ஓட்டுகிறேன். டிராக் லிங்க் ஜாம் ஆகியிருந்ததால் கேஸில் வெட்டி எடுத்து, அதையே வெல்டிங் செய்து மாட்டிவிட்டதாக மெக்கானிக் சொல்கிறார். "புதுசைவிட உறுதி" என்கிறார். எனக்கு வேலை தெரியாது. நம்பலாமா?
– வாசகி, செம்பூர்

அம்மா, நம்ப வேண்டாம். டிராக் லிங்க் என்பது டிராப் ஆர்மையும் முன் சக்கரத்தையும் இணைக்கிற கம்பி. இன்றே வண்டியை நிறுத்தி அதை மாற்றச் சொல்லுங்கள். இந்தப் பக்கத்தில் நான் எழுதுகிற எல்லாவற்றிலும் இதைத்தான் முக்கியமாகச் சொல்வேன்.

ஸ்டீயரிங் பாகத்தில் வெல்டிங் என்பதே கிடையாது. வெல்டிங் மேலே தடிப்பாகத் தெரியலாம். அதன் ஓரத்தில் சூடு பட்ட இரும்பு முறியும் தன்மை அடைந்துவிடும். டிராக் லிங்க் ஒவ்வொரு பள்ளத்திலும் இழுபடும், நசுங்கும், மறுபடி இழுபடும். இந்த இழுபறியில் விரிசல் அந்த ஓரத்தில்தான் தொடங்கும். ஒரு நாள் அறிவிப்பே இல்லாமல் உடையும். பிரேக் போனால் கியரைக் குறைக்கலாம், கை பிரேக் இழுக்கலாம். லிங்க் உடைந்தால் டிரைவர் செய்வதற்கு அநேகமாக ஒன்றும் இல்லை. எதிரே வருகிறவர்களையும் நினைத்துப் பாருங்கள்.

வேலை தெரியாவிட்டாலும் நீங்களே சிலவற்றைப் பார்க்கலாம். முன் சக்கரத்தைத் தரையில் வைத்து, டிரைவரை ஸ்டீயரிங்கை இடதும் வலதும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டச் சொல்லிவிட்டு, கீழே குனிந்து டார்ச் அடியுங்கள். எங்கெல்லாம் லிங்க் இணைகிறதோ அங்கே பாகங்கள் ஒன்றாகவே நகர வேண்டும். ஒன்று நகர்ந்து மற்றொன்று தாமதமாக நகர்ந்தால் அங்கே தேய்மானம். ஒவ்வொரு நட்டிலும் ஸ்பிளிட் பின்னின் இரண்டு கால்களும் மடங்கியிருக்கிறதா, ரப்பர் மூடி கிழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். கம்பியில் நீல நிறமோ கருகலோ தெரிந்தால் அங்கே யாரோ நெருப்பு வைத்திருக்கிறார்கள். புதுப் பாகம் போட்டதாகச் சொன்னால் பழையதைக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள், பில்லையும் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சமே வேண்டாம், வண்டி உங்களுடையது.

சட்டமும் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98-வது விதி, ஸ்டீயரிங் வீலில் ஆட்டம் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது, பால் ஜாயின்ட்டுகளுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும், போல்ட்டும் பின்னும் சரியாக லாக் ஆகியிருக்க வேண்டும் என்கிறது. எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு வருடா வருடம் தகுதிச் சான்று வாங்க வேண்டும். அதுவரை காத்திருக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இவ்வளவு சொல்கிறேன்.

மண்ணெண்ணெய், டீசல், கடையில் விற்கும் ஸ்பிரே. எது நல்லது?
– வாசகர், குர்லா

மூன்றும் வேலை செய்யும், நேரம் கொடுத்தால். டீசலும் மண்ணெண்ணெயும் மெதுவாக இறங்கும். ஸ்பிரேயில் துரு இளக்குவதற்கென்று விற்பதை வாங்குங்கள், பொதுவான ஸ்பிரேயைவிட அது ஆழமாகப் போகும். ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயும் அசிட்டோனும் சம பாகம் கலந்து பயன்படுத்துவோரும் உண்டு. அது நன்றாக ஊடுருவும், ஆனால் அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், ரப்பரையும் பெயின்ட்டையும் கெடுக்கும். பிளாஸ்டிக் பாட்டிலில் கலந்து வைக்காதீர்கள். அது காய்கிற வரை பக்கத்தில் பீடி, கிரைண்டர் எதுவும் கூடாது.

பிவண்டியில் லோடு எடுக்கும் வண்டி. ஸ்டீயரிங் ரொம்ப கனமாகிவிட்டது. முன் சக்கரம் திரும்புகிற அச்சாணியான கிங் பின் ஜாம் என்கிறார்கள். மேலிருந்து பெரிய சம்மட்டியால் அடித்தும் இறங்கவில்லை. முன் அச்சின் கண்ணைக் காய்ச்சலாமா?
– டிரைவர், பிவண்டி

அடிப்பதை நிறுத்திவிட்டு முதலில் ஒன்றைப் பாருங்கள்: பின்னைக் குறுக்கே பூட்டி வைத்திருக்கிற லாக் பின்னை எடுத்தாயிற்றா? அச்சின் கண்ணுக்குக் குறுக்கே ஒரு கூம்புப் பின் போகும், ஒரு முனையில் நட்டு இருக்கும். சேறும் கிரீஸும் மூடி அது பார்வைக்கே தெரியாது. அது உள்ளே இருக்கும்போது நீங்கள் எவ்வளவு அடித்தாலும் கிங் பின் இறங்காது. லாக் பின்னின் நட்டைக் கழற்றி, பித்தளைக் கம்பி வைத்து அதன் ஒல்லி முனையிலிருந்து அடித்து எடுங்கள்.

மேல் மூடி, கீழ் மூடி இரண்டையும் எடுத்துச் சுத்தம் செய்து, இரண்டு பக்கமும் எண்ணெய் விடுங்கள். ஹப், டிரம் எல்லாம் கழற்றியாக வேண்டும். பிரேக் பாகங்களைக் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள், ஹோஸில் பாரம் விழக் கூடாது. அச்சை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டுக் கீழே போகாதீர்கள். ஸ்டாண்டு போடுங்கள், பின் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

சம்மட்டியால் அடிக்க அடிக்கப் பின்னின் தலை விரிந்து இன்னும் இறுகும். கிங் பின் எடுப்பதற்கென்றே கையில் தூக்கிப் போகிற ஹைட்ராலிக் பிரஸ் இருக்கிறது. அச்சிலேயே மாட்டி அழுத்தலாம். அழுத்தம் ஏறிய நிலையில் அச்சின் கண்ணைப் பக்கவாட்டில் தட்டினால், டிராப் ஆர்முக்குச் சொன்ன அதே வித்தைதான், கிங் பின் நகரத் தொடங்கும். அப்படி ஒரு பிரஸ் கிடைக்காவிட்டால் அச்சை ஸ்பிரிங்கோடு கட்டியிருக்கிற யூ போல்ட்டைக் கழற்றி அச்சையே இறக்கி, பெரிய பிரஸ் உள்ள இடத்துக்குக் கொண்டுபோங்கள். அரை நாள் வேலை கூடும், அச்சு பிழைக்கும். திரும்ப ஏற்றும்போது யூ போல்ட் புதிதாகப் போடுங்கள்.

காய்ச்சுவது பற்றிக் கேட்டீர்கள். கணக்காகவே சொல்கிறேன். 40 மில்லிமீட்டர் துளையை 200 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் அது விரிவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். அதுவும் உள்ளே இருக்கிற பின் குளிர்ச்சியாக இருந்தால். பின்னும் சேர்ந்து சூடானால் அந்த லாபமும் போய்விடும். அதனால்தான் வெட்டு டார்ச் வைத்திருப்பவர் சிவக்கும் வரை போகிறார். முன் அச்சும் டிராப் ஆர்ம் போலவே பக்குவப்படுத்திய உருக்கு, வண்டியின் முன் பாரம் முழுக்க அதில்தான் உட்கார்ந்திருக்கிறது. நெருப்பு வேண்டாம்.

கிங் பின் வெளியே வந்ததும் அச்சின் கண் வட்டமாக இருக்கிறதா என்று அளந்து பார்க்கச் சொல்லுங்கள். முட்டை வடிவமாகியிருந்தால் புதுப் பின்னும் கொஞ்ச நாளில் ஆடத் தொடங்கும். கிங் பின்னைச் சுற்றியிருக்கிற வளையமான புஷ் புதிதாக அடித்த பிறகு மேல் புஷ்ஷையும் கீழ் புஷ்ஷையும், துளையை அளவுக்குச் சீவுகிற ஒரே ரீமரால் ஒரே நேர்கோட்டில் ரீம் செய்ய வேண்டும். தனித்தனியே செய்தால் புதுப் பின்னே இறுகிப் பிடிக்கும். புஷ்ஷின் கிரீஸ் துளை, வெளியிலிருந்து கிரீஸ் அடிக்கிற நிப்பிளின் துளைக்கு நேராக இருக்கிறதா என்று கம்பி விட்டுப் பார்க்காமல் மூடாதீர்கள்.

ஸ்டீயரிங் வீல் கழலவில்லை. இரண்டு கையாலும் பிடித்து ஆட்டி இழுத்துக்கொண்டே, நட்டின் மேல் அடிக்கலாமா?
– கிளீனர், வாஷி

அடிக்க வேண்டாம். கீழே இருக்கிற பாக்ஸின் பேரிங் கெடும். நட்டை முழுதாக எடுக்காமல் சில மரையில் விட்டு, வீலுக்கான புல்லரைப் போடுங்கள். திடீரென்று கழன்றால் வீல் உங்கள் முகத்துக்குத்தான் வரும், அதற்குத்தான் நட்டு. கோடு போட மறக்காதீர்கள்.

இதெல்லாம் ஜாம் ஆகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? எங்களுக்கு மீன் வண்டிகள் உண்டு, சசூன் டாக்கில் ஏற்றுகிறோம்.
– வண்டி உரிமையாளர், கொலாபா

மீன் வண்டிக்குத் துரு இரண்டு மடங்கு. பெட்டியிலிருந்து ஒழுகுகிற உப்புத் தண்ணீர் சேஸியில் இறங்கிக்கொண்டே இருக்கும். லோடு இறக்கியதும் நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். ஆனால் பிரஷர் பைப்பை ரப்பர் மூடிக்கு நேராகப் பிடிக்காதீர்கள்.

ரப்பர் மூடி எவ்வளவு முக்கியம் என்பதை 2005 ஜூலை 26 மழைக்குப் பிறகு எல்லோரும் பார்த்தோம். சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்தது. தண்ணீரில் நின்ற வண்டிகளைப் பிறகு பிரித்தபோது, மூடி கிழியாத ஜாயின்ட்டுகள் துடைத்துக் கிரீஸ் வைத்ததும் வேலை செய்தன. மூடி கிழிந்திருந்தவை கல்லாகிப் போயிருந்தன. மூடிக்கு ஆகிற செலவு சொற்பம், அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கிங் பின்னுக்குக் கிரீஸ் அடிக்கும்போது முன் அச்சைத் தூக்கிச் சக்கரத்தைத் தரையிலிருந்து விடுவித்து அடியுங்கள். பாரம் உட்கார்ந்திருக்கும்போது அடித்தால் கிரீஸ் பின்னின் ஒரு பக்கம்தான் போகும், கீழே இருக்கிற பேரிங் காய்ந்தே கிடக்கும். அடிக்கும்போது ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் திருப்பச் சொல்லுங்கள். பழைய கறுப்புக் கிரீஸ் வெளியே வந்து, பின்னால் புதுக் கிரீஸ் நிறம் தெரிகிற வரை நிறுத்தாதீர்கள். மழைக் காலத்தில் இதை அடிக்கடி செய்யுங்கள். கிரீஸ் ஏறவில்லை என்றால் நிப்பிளைக் கழற்றிப் பாருங்கள், அடைத்திருந்தால் மாற்றுங்கள். நிப்பிள் சுத்தமாக இருந்தும் ஏறவில்லை என்றால் புஷ்ஷின் துளை அடைத்திருக்கிறது. அந்தப் பக்கத்து கிங் பின்னை அடுத்த லோடுக்கு முன்பே பிரித்துவிடுங்கள்.